வெப்பமானி யார் கையில்? ராகலையின் குளிரும் ஒரு சிறு கட்டுப்படுத்தியும்

ராகலையில் மாலையில் அரைத்து வைத்த தோசை மா மறுநாள் காலையிலும் பெரும்பாலும் அரைத்தபடியே கிடக்கும். மார்கழி, தை மாதங்களில் இரண்டு இரவுகள் சென்றாலும் பொங்காத நாட்கள் உண்டு. அதே மாவைக் கிளிநொச்சியில் வைத்தால் விடியற்காலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்திருக்கும். அரிசியும் உழுந்தும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வேறுபடுவது வெப்பநிலை மட்டுமே.

மா, தயிர், யோகட், கள், பியர் ஆகிய எல்லாவற்றிலும் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு உணவு கொடுப்பது நாம். எவ்வளவு வேகமாக, எந்தச் சுவையில் வேலை செய்யவேண்டும் என்று கட்டளையிடுவது வெப்பநிலை. அந்தக் கட்டளையை மனிதனின் கையில் கொடுக்கும் சிறு கருவிதான் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி. மேற்கு நாடுகளில் வீட்டில் பியர் தயாரிப்பவர்கள் பழைய குளிர்சாதனப் பெட்டியோடு இதை இணைத்துப் பரவலாக்கினார்கள். இன்று இது சில ஆயிரம் ரூபாய்க்கு இலங்கையின் இலத்திரனியல் கடைகளிலும் கிடைக்கிறது. மலையகத்தில் மாடு வளர்க்கும் குடும்பத்துக்கும் வன்னியில் கோழிக்குஞ்சு பொரிக்கவைக்கும் பெண்ணுக்கும் இது எப்படிப் பயன்படும், எப்படி ஆபத்தின்றிப் பூட்டுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குளிரைத் தேடி வந்த தொழிற்சாலை

நொதித்தலுக்கும் நுவரெலியாவுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1848இல் அங்கு குடியேறிய சாமுவேல் பேக்கர் ஆங்கிலேய விவசாயக் குடியேற்றம் ஒன்றை உருவாக்க முயன்றார். ஆட்களையும் கால்நடைகளையும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தார். அவர் 1855இல் நாட்டைவிட்டுச் சென்றார். 1881இல் நுவரெலியாவில் சிலோன் புருவரி என்ற பியர் தொழிற்சாலை தொடங்கியது. லயன் என்ற பெயரில் இன்று விற்கப்படும் பியரின் தொடக்கம் அதுதான்.

பியருக்கு வேண்டிய பார்லியும் ஹொப்ஸும் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. துறைமுகமோ கொழும்பில். அப்படியிருக்க, மூலப்பொருளை மலைமேல் ஏற்றி, போத்தலை மறுபடி கீழே இறக்கும் சிரமம் எதற்கு? நுவரெலியாவில் நல்ல நீர் இருந்தது. அதைவிட முக்கியமாக, குளிர் இலவசமாகக் கிடைத்தது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்த நகரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கிறது. பியரைப் புளிக்கவைக்கும் மதுவம், அதாவது ஈஸ்ட், விரும்பும் அளவுக்கு இது நெருக்கமானது.

ஐரோப்பாவிலும் பியர் காய்ச்சுபவர்கள் நீண்டகாலம் காலநிலையை நம்பியே இருந்தார்கள். 1553இல் பவேரியாவில் கோடைகாலத்தில் பியர் காய்ச்சுவதே தடைசெய்யப்பட்டது. வெயில் காலத்தில் காய்ச்சியது அடிக்கடி கெட்டுப்போனதே காரணம். 1870களில் கார்ல் வொன் லிண்டே என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் குளிரூட்டும் இயந்திரத்தை உருவாக்கியபோது அவருடைய முதல் வாடிக்கையாளர்கள் பியர் தொழிற்சாலைகளே. வீட்டுக்கு பிரிட்ஜ் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே மதுச்சாலைக்கு அது வந்துவிட்டது.

இயந்திரத்தால் குளிரை உண்டாக்க முடிந்த பிறகு மலை தேவைப்படவில்லை. 1990களின் பிற்பகுதியில் லயன் பியர் உற்பத்தி கொழும்புக்கு அருகிலுள்ள பியகமவுக்கு நகர்ந்தது. வெப்பமான தாழ்நிலத்தில், துறைமுகத்துக்கும் சந்தைக்கும் பக்கத்தில், நுவரெலியாவின் குளிரைத் தாங்கிக்குள் உண்டாக்கிக்கொண்டார்கள். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வசதி எங்கே போகிறதோ அங்கேயே தொழிலும் போகும் என்பதற்கு மலையகத்திலேயே உள்ள உதாரணம் இது.

கொழுந்தும் பாலும் விலையேறும் இடம்

தேயிலையிலும் இதைக் காணலாம். கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்படும்போது அது பச்சை இலை. பெக்டரிக்குள் போய் வாட்டி, அரைத்து, நொதிக்கவிட்டு, உலர்த்திய பிறகுதான் தேயிலை ஆகிறது. தேயிலையில் நடக்கும் ‘நொதித்தல்’ உண்மையில் ஈஸ்ட்டின் வேலை அல்ல. நசுக்கப்பட்ட இலையிலுள்ள நொதியங்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நடத்தும் ஒட்சியேற்றம் அது. ஆனாலும் அதுவும் வெப்பநிலைக்குக் கட்டுப்பட்டதே. அந்தக் கட்டத்தில் இலை மிகவும் சூடேறினால் தேநீரின் துலக்கமும் மணமும் போய்விடும். ஆகவே இலையைப் பரப்பும் தடிப்பு, அறையின் ஈரப்பதன், நேரம் ஆகியவற்றை டீ மேக்கர் கவனித்துக்கொண்டே இருப்பார். உலர்த்தும் அடுப்புக்குள் போகும் காற்றின் சூட்டுக்கும் வெப்பமானி உண்டு.

கொழுந்து பறிப்பவரின் கையில் இருப்பது கூடை. அவருக்குக் கிடைப்பது நாட்சம்பளம். 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வழியாக உயர்த்துவதற்கே நீண்ட போராட்டம் வேண்டியிருந்தது. இலையின் விலை கூடும் இடம் வெப்பமானி தொங்கும் இடம். அந்த இடம் தொழிலாளியின் கையில் ஒருபோதும் இருந்ததில்லை.

பாலிலும் இதே கதைதான். லயன் அறைகளுக்குப் பக்கத்தில் மாட்டுத் தொழுவம் வைத்து, வேலை முடிந்த பின் புல்லறுத்துப் போட்டு மாடு வளர்க்கும் குடும்பங்கள் நுவரெலியா மாவட்டமெங்கும் இருக்கின்றன. காலைப் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து குளிரூட்டும் நிலையத்துக்குப் போய் 4 பாகை அளவில் குளிரூட்டப்பட்டு, தொழிற்சாலையில் யோகட்டாகவோ வேறு பொருளாகவோ மாறுகிறது. பிறகு அதே ராகலைக் கடைக்குக் கிண்ணத்தில் திரும்பி வருகிறது. பாலைச் சூடாக்குவது, குறித்த சூட்டில் வைத்திருப்பது, குளிரவைப்பது என்ற மூன்று வேலைகளில்தான் அதன் மதிப்பு கூடுகிறது. மூன்றும் வெப்பநிலை பற்றிய வேலைகளே.

பல இடங்களில் மாலைப் பாலை வாங்க வண்டி வருவதில்லை. வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சும் பால் அயலுக்குக் குறைந்த விலையில் போகும், அல்லது வீணாகும். அந்தப் பாலைத் தயிராகவோ யோகட்டாகவோ ஆக்கலாம். ஆனால் இந்தக் குளிரில் அது சரியாக உறையாது. அடுப்பங்கரையில் வைத்தால் ஒருநாள் உறையும், மறுநாள் தண்ணீராகப் பிரியும். ஒவ்வொரு நாளும் ஒரே தரத்தில் கொடுக்க முடியாத பொருளைக் கடைக்காரர் வாங்கமாட்டார்.

எதற்கு எவ்வளவு சூடு?

ஒவ்வொரு நுண்ணுயிருக்கும் தனக்குப் பிடித்த வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே அது சோம்பும். மேலே போனால் வேண்டாத பொருள்களை உண்டாக்கும். இன்னும் மேலே போனால் இறந்துவிடும்.

யோகட்டை உறையவைக்கும் இரண்டு பற்றீரியாக்களும், அதாவது ஸ்ரெப்டோகொக்கஸ் தெர்மோபிலஸும் லக்டோபசிலஸ் பல்காரிகஸும், சூட்டை விரும்புபவை. 42 முதல் 45 பாகை வரை அவற்றுக்கு உகந்தது. அந்தச் சூட்டில் 4 முதல் 6 மணித்தியாலத்தில் பால் உறைந்துவிடும். தோசை மாவுக்கு 28 முதல் 32 பாகை போதும். கோழி முட்டைக்கு ஏறத்தாழ 37.5 பாகை, 21 நாட்கள் வேண்டும். முட்டை விடயம் நொதித்தல் அல்ல. ஆனால் அதே கருவிதான் அந்தப் பெட்டிக்கும் பயன்படுகிறது.

பியரில் இரண்டு வகை ஈஸ்ட் உண்டு. ஏல் வகைக்கு 18 முதல் 22 பாகை. லாகர் வகைக்கு 8 முதல் 13 பாகை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஈஸ்ட் சீனியை உண்ணும்போது தானே வெப்பத்தை வெளிவிடும். அதனால் நொதிக்கும் பாத்திரத்தின் உள்ளே அறையைவிடச் சில பாகை கூடுதலாக இருக்கும். அறை 22 பாகை என்றால் உள்ளே 25க்கு மேல் போகலாம். அப்போது எரிச்சலூட்டும் சுவையுள்ள கனமான அற்ககோல்கள் உருவாகும். அறையின் சூட்டை அளந்தால் போதாது, பாத்திரத்தின் சூட்டைத்தான் அளக்கவேண்டும் என்பதைப் பியர் காய்ச்சுபவர்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். யோகட்டுக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

கருவி எப்படி இயங்குகிறது?

கட்டுப்படுத்திக்குள் மூன்று பகுதிகள் உள்ளன. ஒன்று, உணரி. வயரின் நுனியிலுள்ள சிறு குமிழுக்குள் தெர்மிஸ்டர் என்ற தடை இருக்கிறது. பெரும்பாலானவற்றில் 25 பாகையில் அதன் தடை 10,000 ஓம். சூடு கூடக்கூட இது குறையும். இரண்டு, அந்த மாற்றத்தைப் பாகையாகக் கணக்கிட்டு, நாம் குறித்த அளவோடு ஒப்பிடும் சிறு மின்சுற்று. மூன்று, ரிலே. ‘டிக்’ என்ற சத்தத்தோடு ஆளியைப் போட்டு நிறுத்துவது இதுதான்.

எஸ்.ரி.சி. 1000 என்ற மாதிரியில் இரண்டு ரிலேகள் உள்ளன. ஒன்று சூடாக்க, மற்றது குளிராக்க. 230 வோல்ட்டில் நேரடியாக இயங்கும். பல நிறுவனங்கள் இதே மாதிரியைச் செய்கின்றன. டபிள்யூ 1209 என்ற இன்னொன்று 12 வோல்ட்டில் இயங்கும், ஒரே ரிலே கொண்டது, விலையும் குறைவு.

எஸ்.ரி.சி. 1000இல் நான்கு அளவுகளை நாம் குறிக்கவேண்டும். எஃப் 1 என்பது நமக்கு வேண்டிய வெப்பநிலை. எஃப் 2 என்பது எவ்வளவு விலகலை அனுமதிப்பது என்பது. 43 பாகை என்று குறித்து விலகலை 0.5 என்று வைத்தால், 42.5க்கு இறங்கியதும் பல்ப் எரியும், 43 ஆனதும் அணையும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் ரிலே ஓயாமல் போட்டு நிறுத்திக்கொண்டே இருந்து விரைவில் பழுதாகிவிடும். எஃப் 3 என்பது குளிரூட்டிக்கான தாமதம். எஃப் 4 என்பது உணரியின் பிழையைத் திருத்துவதற்கு.

உணரியைச் சரிபார்க்க நொறுக்கிய ஐஸை ஒரு கோப்பையில் நிறைத்துச் சிறிது தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். உணரியை நடுவில் வைத்தால் சில நிமிடங்களில் 0 காட்டவேண்டும். 0.8 காட்டினால் எஃப் 4இல் அந்தளவைக் கழித்துவிடலாம். கொதிநீரில் வைத்து 100 வருகிறதா என்று பார்க்கும் முறை மலையகத்தில் சரிவராது. உயரம் கூடக்கூட நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியா உயரத்தில் அது சுமார் 94 பாகை. அதை 100 என்று நினைத்துத் திருத்தினால் உங்கள் ஒவ்வொரு அளவும் பிழையாகிவிடும்.

யோகட் பெட்டி செய்யும் முறை

முதலில் பெட்டி. கொம்பிரசர் பழுதாகி வீசப்பட்ட பிரிட்ஜ்தான் மிகச் சிறந்தது. குளிரை உள்ளே வைத்திருக்கச் செய்த சுவர் சூட்டையும் உள்ளே வைத்திருக்கும். திருத்துபவரிடம் கொடுத்து அதிலுள்ள வாயுவை முறைப்படி அகற்றிய பின்னரே பயன்படுத்துங்கள். குழாய்களை நீங்களாக வெட்டவேண்டாம். சிறிய அளவில் தொடங்க மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டி போதும்.

சூட்டுக்கு 60 வொட் இழைப் பல்ப். எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது, அது போதிய சூடு தராது. பீங்கான் ஹோல்டரில் பொருத்தி, சுற்றிலும் துளையிட்ட தகர டின்னால் மறைப்புப் போடவேண்டும். பல்ப் ரெஜிபோமைத் தொடவே கூடாது. தொட்டால் உருகும், பிறகு தீப்பிடிக்கும். ஆகவே ரெஜிபோம் பெட்டியென்றால் பல்ப்புக்குக் கீழும் பக்கங்களிலும் தகரத் தகடும் ஒரு சாண் இடைவெளியும் வேண்டும். பழைய கணினியிலிருந்து எடுத்த 12 வோல்ட் சிறு விசிறி ஒன்று இருந்தால் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் சூடு சமமாகப் பரவும்.

இணைப்பு எளிது. கட்டுப்படுத்தியின் பின்புறத்தில் 1, 2 என்ற முனைகளுக்கு மின்சாரம். 3, 4 உணரிக்கு. 5, 6 சூடாக்கும் ரிலே. 7, 8 குளிராக்கும் ரிலே. ரிலே தானாக மின்சாரம் தருவதில்லை, அது வெறும் ஆளி மட்டுமே. ஆகவே லைவ் வயரை 5க்கும் கொடுத்து, 6இலிருந்து பல்ப்புக்கு எடுத்துச் செல்லவேண்டும். நியூட்ரல் நேராக பல்ப்புக்குப் போகும். கட்டுப்படுத்தியை நொதிக்கும் பெட்டிக்கு வெளியே, மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் பொருத்துங்கள். உள்ளே ஈரம் இருக்கும்.

உணரியைக் காற்றில் தொங்கவிடுவது பலர் செய்யும் தவறு. காற்று விரைவில் சூடாகும், பால் மெதுவாகவே சூடாகும். நீர் நிரப்பிய ஒரு யோகட் கிண்ணத்தை நடுத்தட்டில் வைத்து உணரியை அதற்குள் விடுங்கள். மற்றக் கிண்ணங்களுக்குள் என்ன நடக்கிறதோ அதையே அது காட்டும்.

பாலை 85 முதல் 90 பாகை வரை சூடாக்கி அரை மணித்தியாலம் அந்தச் சூட்டில் வைக்கவேண்டும். இது கிருமிகளை அழிப்பதற்கு மட்டுமல்ல. பாலின் புரதம் இந்தச் சூட்டில் மாறுவதால்தான் யோகட் கட்டியாக நிற்கிறது. பிறகு 45 பாகைக்கு இறக்கி, யோகட் வளர்ப்பைக் கலந்து, சுத்தமான கிண்ணங்களில் ஊற்றி, முன்கூட்டியே 43 பாகைக்குச் சூடாக்கிய பெட்டிக்குள் வைத்துவிடலாம். 10 லீற்றர் பாலில் 80 மில்லிலீற்றர் கிண்ணங்கள் ஏறத்தாழ 120 வரும்.

மின்கட்டணத்துக்குப் பயப்படத் தேவையில்லை. பால் உள்ளே போகும்போதே சூடாக இருப்பதால், வெளியே கசியும் சூட்டை மட்டுமே பல்ப் ஈடுசெய்கிறது. 60 வொட் பல்ப் ஆறு மணித்தியாலம் அணையாமல் எரிந்தாலும் 0.36 அலகுதான். உண்மையில் அது விட்டுவிட்டே எரியும். பெட்டிக்குள் இரண்டு மூன்று சுடுநீர்ப் போத்தல்களை வைத்தால் கரண்ட் போனாலும் சூடு சில நேரம் நிற்கும்.

உறைந்ததும் உடனே 5 பாகைக்குக் கீழ் குளிரவைக்கவேண்டும். இல்லாவிட்டால் பற்றீரியா வேலையை நிறுத்தாமல் புளிப்பைக் கூட்டிக்கொண்டே போகும். எட்டு மணித்தியாலமாகியும் உறையாவிட்டால் அந்தப் பாலை யாருக்கும் கொடுக்கவேண்டாம். வளர்ப்பு வேலை செய்யாத வெதுவெதுப்பான பாலில் வேறு கிருமிகள் பெருகியிருக்கும்.

லயன் அறையில் மின்சாரம்

லயன் குடியிருப்புகளில் தீ விபத்துச் செய்தி நமக்குப் புதிதல்ல. ஒரு அறையில் பிடித்த தீ கூரைவழியாக வரிசை முழுவதற்கும் பரவி, பல குடும்பங்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்திருக்கின்றன. பல இடங்களில் வயரிங் பழையது. ஒரே பிளக் பேஸிலிருந்து ரைஸ் குக்கர், தொலைக்காட்சி, ஹீட்டர் என்று எல்லாம் தொங்கும். ஆகவே கீழே சொல்பவற்றைக் கட்டாயமாகக் கொள்ளவேண்டும்.

வீட்டில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் கரண்ட் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் இந்த வேலையைத் தொடங்கவேண்டாம். ஏர்த் உள்ள மூன்று முள் பிளக் மட்டுமே பயன்படுத்துங்கள். பிரிட்ஜின் உலோக உடலுக்கு ஏர்த் இணைப்பு வேண்டும். பாலும் நீரும் சிந்தும் இடம் அது. இணைப்புகளைப் பதிவுபெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரைக் கொண்டு ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். ஒட்டுநாடா சுற்றிய திறந்த இணைப்பு எங்கும் இருக்கக் கூடாது. இரவில் எல்லோரும் தூங்கும்போது முதல்முறையாக இயக்கிப் பார்க்கவேண்டாம். பகலில் இரண்டு மூன்று நாட்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

வயரிங்கை நம்ப முடியாத வீட்டுக்கு 12 வோல்ட் முறை பாதுகாப்பானது. டபிள்யூ 1209 கட்டுப்படுத்தியையும் வாகனச் சைகை விளக்குக்கான 21 வொட் பல்ப்கள் இரண்டையும் பட்டரியோடு இணைத்தால் சிறிய பெட்டி ஒன்றைச் சூடாக வைத்திருக்கலாம். வெளியே கம்பளி சுற்றினால் இன்னும் நல்லது. முழுதாகச் சார்ஜ் செய்த 40 அம்பியர் மணி பட்டரியின் அரைவாசியே ஆறு மணித்தியாலத்துக்குப் போதும். 12 வோல்ட்டில் ஆளைத் தாக்கும் ஆபத்து இல்லை. ஆனால் வயர் முட்டிக்கொண்டால் தீப்பிடிக்கும். பட்டரி முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடவேண்டும்.

வடக்கில் இதே கருவி

1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அவர்கள் காடு வெட்டிக் குடியமர்ந்தார்கள். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து போரின் எல்லா இடப்பெயர்வுகளையும் அனுபவித்தார்கள். ராகலையில் இருக்கும் அக்காவுக்கும் கிளிநொச்சியில் இருக்கும் தங்கைக்கும் இந்த விடயத்தில் எதிரெதிரான பிரச்சினை. ஒருவருக்குப் பால் உறையாது. மற்றவருக்கு உறைந்தது சில மணித்தியாலங்களில் கடும் புளிப்பாகிவிடும். அதே கட்டுப்படுத்தியின் 7, 8 முனைகள் தங்கைக்கு உதவும்.

ஓடக்கூடிய பழைய பிரிட்ஜ் ஒன்றின் மின்சாரத்தைக் குளிராக்கும் ரிலே வழியாகக் கொடுத்தால், அதை 4 பாகையிலோ 12 பாகையிலோ 20 பாகையிலோ நிறுத்தலாம். இங்கேதான் எஃப் 3 தாமதம் முக்கியம். கொம்பிரசர் நின்றவுடன் உள்ளே ஒருபக்கம் வாயு அழுத்தம் கூடுதலாக இருக்கும். அது சமநிலைக்கு வர சில நிமிடங்கள் வேண்டும். உடனே மறுபடி இயக்கினால் மோட்டார் சுழல முடியாமல் திணறி, சூடேறி, எரிந்துவிடலாம். தாமதத்தை 5 நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள். கரண்ட் போய்ப்போய் வரும் இடங்களில் பிரிட்ஜைக் காப்பாற்றுவதும் இந்தத் தாமதம்தான். கட்டுப்படுத்தியின் ரிலே 10 அம்பியர் தாங்கும். வீட்டு பிரிட்ஜுக்கு அது போதும். கடைகளில் உள்ள பெரிய குளிரூட்டிக்கு இடையில் கொன்டாக்டர் ஒன்று வேண்டும்.

கருவியைக் கண்டு தயங்குபவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். 1990களின் பொருளாதாரத் தடையில் டோர்ச் பட்டரி வடக்குக்குத் தடைசெய்யப்பட்ட பொருள். மின்சாரம் இல்லை. அப்போது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நம்மவர்கள். ஜாம் போத்தலில் பஞ்சும் துளி மண்ணெண்ணெயும் இட்டு விளக்கெரித்துப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். பெற்றோல் காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பட்டரியும் வயரும் கையில் இருந்தாலே சோதனைச்சாவடியில் சந்தேகத்துக்குரியவராக ஆன காலம் அது. மலையக இளைஞர்களும் அந்தச் சந்தேகத்துக்குத் தப்பவில்லை. அந்தப் பயத்தால், வயரைத் தொடுவது தமக்குரிய வேலையல்ல என்று ஒதுங்கிய ஒரு தலைமுறையும் உண்டு. இன்று அந்தத் தடை இல்லை. நாம் அன்று கட்டாயத்தால் கற்ற கைவேலையை இன்று வருமானத்துக்காகப் பயன்படுத்தலாம்.

பியர் காய்ச்சலாமா?

இந்தக் கருவியைப் பற்றித் தேடினால் வீட்டில் பியர் காய்ச்சும் குறிப்புகளே முதலில் வரும். பிரித்தானியாவில் 1963 முதல் சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் காய்ச்ச அனுமதிப்பத்திரம் தேவையில்லை. விற்கத்தான் கூடாது. அங்குள்ள நம் உறவுகள் அதைச் செய்தால் அது சட்டப்படியானது. இலங்கையில் அப்படியல்ல. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் தயாரிப்பது குற்றம். வீட்டுப் பாவனைக்கு என்று சொல்லியும் தப்ப முடியாது.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு விடயம் இருக்கிறது. சம்பள நாளன்று சாராயத்தவறணைக்குப் போகும் பணம் எவ்வளவு என்பது தோட்டத்துப் பெண்களுக்குத் தெரியும். கசிப்பால் அழிந்த குடும்பங்கள் வடக்கிலும் உண்டு, மலையகத்திலும் உண்டு. மதுவை எப்படித் தரமாகக் காய்ச்சுவது என்பது இன்று நம் சமூகத்தின் அவசரத் தேவை அல்ல. பியர் காய்ச்சியவர்கள் வளர்த்த கருவியை நாம் பாலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

யோகட்டை விற்பதற்கும் விதிகள் உண்டு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இதற்குப் பொருந்தும். விற்பனையைத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். தயாரிக்கும் இடம், நீர், கிண்ணம், லேபலில் இருக்கவேண்டிய திகதிகள் பற்றி அவர் சொல்வார். லயன் அறைக்குள் இடம் போதாத நிலையில், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பொது இடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவதே நடைமுறைக்கு ஏற்றது. தனி வீட்டுக்கு ஏர்த்தும் ட்ரிப் சுவிட்சும் போடும் செலவும் அப்படிச் செய்தால் பகிர்ந்துபோகும்.

ஒரு கொப்பியும் பேனையும்

கருவியோடு சேர்த்து வாங்கவேண்டியது ஒரு கொப்பி. ஒவ்வொரு தடவையும் பால் எத்தனை லீற்றர், எந்தச் சூட்டில் வளர்ப்பைக் கலந்தீர்கள், பெட்டி எத்தனை பாகையில் நின்றது, எத்தனை மணிக்கு உறைந்தது, சுவை எப்படி என்று எழுதுங்கள். முதலில் வீட்டுக்கும் அயலுக்கும் மட்டும் செய்யுங்கள். பத்துத் தடவை எழுதியபின் எங்கே பிசகியது என்று பக்கத்தைப் புரட்டினாலே தெரியும். கடைக்காரருக்கும் சுகாதாரப் பரிசோதகருக்கும் காட்டக்கூடிய சான்றும் அதுதான்.

பெக்டரியில் டீ மேக்கர் காலங்காலமாக வைத்திருப்பதும் இப்படியொரு பதிவுப் புத்தகமே. அதை எழுதும் வேலை தோட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு என்றே நெடுங்காலம் இருந்தது. மாட்டைக் கறப்பவரே பாலின் சூட்டையும் அளந்து எழுதத் தொடங்கினால், அந்தப் பாலின் விலையைப் பேசும்போது அவரும் ஒரு கணக்கோடு உட்காரலாம்.